லயத்துக்குத் திரும்பும் முன்: உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

மழை விட்டு வெயில் தெரிகிறது. பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் உறவினர் வீட்டிலும் தங்கியிருந்த குடும்பங்கள் தோட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. சேற்றை அள்ளி, தகரத்தை நேராக்கி, அடுப்பை மூட்டினால் பழைய வாழ்க்கை தொடங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால், திரும்பும் முதல் சில வாரங்களில் நீங்கள் செய்யும் சில காரியங்கள்தான் அடுத்த சில வருடங்கள் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கும். அவற்றில் முக்கியமானது பதிவு.

அனர்த்தத்துக்குப் பின்னரான உதவியும் வீடும் காணியும் பட்டியல்கள் வழியாகவே வருகின்றன. தோட்டத்தில் வாழும் குடும்பத்துக்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று கிராம உத்தியோகத்தர் வைத்திருப்பது. மற்றது தோட்டக் காரியாலயத்தில் இருப்பது. இந்த இரண்டிலும் உங்கள் குடும்பம் ஒரே விதமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதை எப்படி உறுதிப்படுத்துவது, யாரிடம் எதைக் கேட்பது, தோட்ட மக்களாகச் சேர்ந்து எதைச் செய்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கள் மாவட்டங்களுக்கு இது புதிதல்ல

இரத்தினபுரியும் கேகாலையும் மழைக்குப் பேர்போன மாவட்டங்கள். சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறக்கும் களு கங்கை இரத்தினபுரி நகரை ஒட்டி ஓடுகிறது. மலையில் பெய்யும் கடும் மழை தாழ்ந்த இடங்களுக்கு வெள்ளமாகவும், சரிவான இடங்களுக்கு மண்சரிவாகவும் வருகிறது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. 2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுப்பஹன தோட்டத்தில் லயக் குடியிருப்பின் மேல் மண் விழுந்தது. 2017 மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, காலி மாவட்டங்கள் மீண்டும் பாதிக்கப்பட்டன. நாடு முழுவதிலும் 200க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் 28ஆம் திகதி கரையைக் கடந்த டித்வா புயல், மலையகம் உட்பட நாட்டின் பெரும்பகுதியைப் பாதித்து, 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

ஒவ்வொரு முறையும் உதவி வந்தது. ஆனால், தோட்டத்துக்குள் அது வந்து சேரும் பாதை கிராமத்தைவிட நீளமானது. ஏன் என்று தெரிந்துகொண்டால், எங்கே தட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

தோட்டக் குடும்பத்துக்கு மட்டும் ஏன் இரண்டு வழி?

கிராமத்தில் ஒரு வீடு இடிந்தால், அந்த வீட்டின் சொந்தக்காரர் யார் என்பதில் சிக்கல் குறைவு. உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கும். கிராம உத்தியோகத்தர் வந்து பார்ப்பார், பிரதேச செயலகத்துக்கு எழுதுவார். வேலை அந்த ஒரே வழியில் நகரும்.

லயத்தில் அப்படியில்லை. 1972க்கும் 1975க்கும் இடையில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992இல் அவற்றில் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காணி அரசாங்கத்துடையது, நடத்துவது கம்பனி. காம்பராவில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்பவர்கள் நீங்கள். ஆனால், உங்களில் பெரும்பாலானோர் கையில் அந்தக் காம்பராவுக்கான உறுதி இல்லை.

இதனால் சேதத்தைப் பற்றிக் கேட்கும்போது, "இது தோட்டத்துச் சொத்து, துரையிடம் கேளுங்கள்" என்று ஒரு பக்கமும், "நிவாரணம் அரசாங்கத்து வேலை, ஜி.எஸ். ஐயாவிடம் கேளுங்கள்" என்று மறுபக்கமும் சொல்லப்படலாம். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், குடும்பம் நடுவில் நிற்கிறது.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்துக் கட்டடம் யாருடையது என்பது ஒரு கேள்வி. அனர்த்தத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் எது என்பது வேறு கேள்வி. உணவு, உடை, சமையல் பாத்திரம், தற்காலிகத் தங்குமிடம் போன்ற நிவாரணம் கட்டடத்துக்குரியதல்ல, பாதிக்கப்பட்ட மனிதர்களுக்குரியது. உறுதி இல்லை என்பதற்காக உங்கள் பெயரைப் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் எழுதாமல் விடுவது நியாயமாகாது. பதிவு செய்யும்போது இந்த வேறுபாட்டைப் பணிவாக, ஆனால் தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

அரசாங்கத்தின் பக்கம்: யாருக்கு என்ன பொறுப்பு?

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. அதன் அவசர இலக்கம் 117. மாவட்டங்களில் அதன் இணைப்புப் பிரிவுகள் உண்டு. ஆபத்து நேரத்திலும், முன்னெச்சரிக்கை பற்றி விசாரிக்கவும் இந்த இலக்கத்தை அழைக்கலாம்.

நிவாரணத்துக்குப் பொறுப்பானது தேசிய அனர்த்த நிவாரண சேவைகள் நிலையம். உலருணவும் நட்டஈடும் இதன் சுற்றறிக்கைகளின்படியே வழங்கப்படுகின்றன. பிரதேச செயலகத்தில் அனர்த்த நிவாரண சேவைகளைக் கவனிக்கும் உத்தியோகத்தரைக் கேட்டுச் சந்தியுங்கள்.

உங்கள் முதல் வாசல் கிராம உத்தியோகத்தர். பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பதிவது, சேதத்தைப் பார்வையிடுவது, பிரதேச செயலாளருக்கு அறிக்கை கொடுப்பது அவரது வேலை. ஒரே கிராம உத்தியோகத்தர் பிரிவில் பல கிராமங்களும் தோட்டப் பிரிவுகளும் இருக்கலாம். எல்லா லயத்துக்கும் முதல் வாரத்திலேயே அவரால் வர முடியாமல் போகலாம். அவர் வரும்வரை காத்திராமல், பட்டியலுடன் நீங்களே போவது அவருக்கும் உதவி.

மண் பாதுகாப்பானதா என்று சொல்லும் அதிகாரம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அதற்கு மாவட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. பரிசோதனைக் கோரிக்கையைக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர் வழியாக அனுப்பலாம்.

கிணறு, குடிநீர், மலசலகூடம், தொற்றுநோய் ஆகியவற்றை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பார்ப்பார்கள். தோட்டத்துக்குள் இருக்கும் பாதை, கான், பாலம் ஆகியவற்றுக்குப் பிரதேச சபையிடமும் கேட்கலாம். முன்பு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் தமது நிதியைச் செலவிடச் சட்டம் தடையாக இருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே "தோட்டத்துப் பாதைக்கு நாங்கள் செலவிட முடியாது" என்ற பழைய பதிலோடு திரும்பிவர வேண்டியதில்லை.

தோட்டத்தின் பக்கம்: யாரைக் கேட்பது?

கம்பனித் தோட்டமாக இருந்தால், காரியாலயத்தில் செக்ரோலும் குடியிருப்பு விபரமும் இருக்கும். எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம் என்பதைத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் உறுதிப்படுத்தினால், பிரதேச செயலகத்தில் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். நாம் "ட்ரஸ்ட்" என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியம் வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைக்காம்பரா ஆகிய வேலைகளைத் தோட்டங்களில் செய்கிறது. புதிய வீட்டுத் திட்டம் பற்றிப் பேசும்போது அதன் பிராந்திய அலுவலகத்தையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.

சப்ரகமுவவில் சிறிய தனியார் தோட்டங்களும் நிறைய உண்டு. அங்கே நலன்புரி உத்தியோகத்தர் இல்லாமல் இருக்கலாம், செக்ரோல்கூட முறையாக இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் கிராம உத்தியோகத்தரின் பட்டியல்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே பட்டியல். அதில் உங்கள் பெயர் இருப்பது இரட்டிப்பு முக்கியம்.

எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு லயத்தில் பத்துக் காம்பராக்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் நான்கில், கல்யாணம் முடித்த மகனோ மகளோ தம் பிள்ளைகளோடு பெற்றோருடன் சேர்ந்து வாழ்கிறார்கள். அடுப்பு வேறு, செலவு வேறு. ஆக, அங்கே வாழ்வது பதினான்கு குடும்பங்கள்.

தோட்டப் பட்டியலில் காம்பராவுக்கு ஒரு பெயர்தான் இருக்கிறது: பத்து. வாக்காளர் இடாப்பிலும் பழையபடி பத்துக் குடும்பத்தலைவர்கள். சேதமதிப்பீட்டுக்கு வந்தவர் வாசல்களை எண்ணுகிறார்: பத்து. உலருணவு கொடுக்கும்போது இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது, பகிர்ந்து சாப்பிட்டுவிடுவோம். ஆனால், ஒரு வருடம் கழித்துப் புதிய வீட்டுக்குப் பெயர் கேட்கும்போது பத்து வீடுகள்தான் வரும். நான்கு இளம் குடும்பங்கள் மீண்டும் பெற்றோரின் புதிய வீட்டுக்குள் நெருக்கிக்கொள்ள வேண்டும், அல்லது ஆபத்தான அதே பழைய லயத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதைத் திருத்த வேண்டிய நேரம் இப்போதுதான். உங்கள் காம்பராவில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் இருந்தால், ஒவ்வொன்றையும் தனிக் குடும்பமாகப் பதியும்படி கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். திருமணச் சான்றிதழும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் இதற்கு உதவும். கொழும்புக்கு வேலைக்குப் போனவர், வெளிநாட்டில் வேலை செய்யும் தாய், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஆகியோரும் உங்கள் குடும்பத்தவர்களே. பதியும் நாளில் அங்கே இல்லை என்பதற்காக அவர்கள் விடுபட வேண்டியதில்லை. கணவனை இழந்த பெண்களும், தனியே வாழும் வயோதிபர்களும், ஓய்வு பெற்றதால் செக்ரோலில் பெயர் இல்லாதவர்களும் தம் பெயரைத் தனியே சரிபார்க்க வேண்டும். இவர்கள்தான் அதிகம் விடுபடுகிறார்கள்.

என்ன உதவி கிடைக்கக்கூடும்?

தொகைகள் ஒவ்வொரு அனர்த்தத்துக்கும் அரசாங்கம் வெளியிடும் சுற்றறிக்கையைப் பொறுத்து மாறும். ஆகவே பிரதேச செயலகத்தில் "இப்போது நடைமுறையில் உள்ள சுற்றறிக்கை எது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி. ஒரு அளவு தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு உதாரணங்களைத் தருகிறோம்.

2016, 2017 அனர்த்தங்களுக்குப் பின், மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலிருந்து எழும்ப வேண்டிய குடும்பங்களுக்கு வீடு கட்ட 12 இலட்சம் ரூபாவும், அரச காணி கிடைக்காதபோது காணி வாங்க 4 இலட்சம் ரூபாவும் வழங்கும் முறை நடைமுறையில் இருந்தது. வீட்டைக் குடும்பமே தன் மேற்பார்வையில் கட்டியது. வேலை நகர நகரப் பணம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. டித்வா புயலுக்குப் பின் அரசாங்கம் அறிவித்த திட்டத்தில், வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபாவும், வீட்டுப் பாவனைப் பொருட்களுக்கு 50,000 ரூபாவும், முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரையும் குறிப்பிடப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சுத்தம் செய்யவும் பாத்திரம் வாங்கவும் தரும் பணம் வசிப்பவருக்கானது. வீட்டுக்கும் காணிக்கும் தரும் பணத்துக்கு வரும்போது "சொந்தக்காரர் யார்?" என்ற கேள்வி எழும்பும். லயக் குடும்பங்களுக்கு அந்த இடத்தில் வழக்கமாகத் தேவைப்படுவது தனித்தனி விண்ணப்பம் மட்டுமல்ல, தோட்ட நிர்வாகமும் பிரதேச செயலகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து காணியை ஒதுக்குவது. அதற்கு மக்கள் கூட்டாகக் கேட்க வேண்டும்.

திரும்பிப் போகலாமா, வேண்டாமா?

வீட்டில் சேறு இல்லை என்பதால் வீடு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. லயத்துக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பாருங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென்று இறுகிப்போன கதவு ஜன்னல், சாய்ந்த மரமும் மின்கம்பமும், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இருந்த ஊற்று திடீரென வற்றுவது, ஊற்று நீர் கலங்கி வருவது இவையெல்லாம் மண் நகர்வதன் அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும் அங்கே இரவு தங்காதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் 117க்கும் அறிவியுங்கள்.

மழையளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், உடனே வெளியேற வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுள்ள ஒரு டின்னைத் திறந்த வெளியில் வைத்து, சேரும் தண்ணீரை அடிமட்டத்தால் அளந்தால் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஏழரை சென்ரிமீற்றர் என்பது 75 மில்லிமீற்றர். இரவில் அளப்பதற்கு ஆள் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், ஆபத்தான அறிகுறி தெரிந்தால் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தையை நாம் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் போவதற்கு மக்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. அனர்த்தத்துக்குப் பின் பூனாகலைப் பக்கம் மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஒக்டோபரில் கையளிக்கப்பட்டன. இதிலிருந்து இரண்டு பாடங்கள். "இது ஆபத்தான இடம்" என்ற அறிக்கை வந்தால், அதோடு "எங்களுக்கு எந்த இடம், எப்போது?" என்ற கேள்வியையும் எழுத்தில் கேட்க வேண்டும். அடுத்தது, மாற்று வீடு வர மாதங்கள் அல்ல, வருடங்களும் ஆகலாம். அந்த இடைக்காலத்துக்கு எங்கே தங்குவது என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைக்க வேண்டும்.

அபாய அறிக்கை கிடைத்த குடும்பம், வேறு இடம் கிடைக்காததால் பழைய லயத்துக்கே திரும்ப நேர்ந்தால், அதையும் பிரதேச செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள். "மாற்றிடம் கிடைக்காததால் தற்காலிகமாகத் திரும்பியிருக்கிறோம்; மீள்குடியேற்றக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால் போதும். மௌனமாகத் திரும்பினால், பிரச்சினை முடிந்துவிட்டது என்று கோப்பு மூடப்படலாம்.

தோட்டக் குழு: சிறிதாக, ஆனால் எழுத்தில்

ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடினால் பட்டியல் சரியாகாது. தோட்டப் பிரிவுக்கு ஒரு மீள்குடியேற்றக் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். கோயில் கமிட்டி, மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம் ஏற்கனவே இருந்தால் அவற்றிலிருந்தே ஆட்களை எடுக்கலாம். ஏழு முதல் ஒன்பது பேர் போதும். பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். எந்தக் காம்பராவில் யார் கர்ப்பிணி, யாருக்கு மருந்து தேவை, எந்தப் பிள்ளையின் புத்தகம் போனது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சிங்களத்தில் நன்றாக எழுதத் தெரிந்த ஓர் இளைஞரையோ யுவதியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாத் தொழிற்சங்கங்களின் தோட்டத் தலைவர்களையும் அழையுங்கள். ஒரு சங்கத்தின் குழு என்று பெயர் வந்துவிட்டால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள்.

குழுவின் முதல் வேலை ஒரே ஒரு பட்டியல். லயம், காம்பரா இலக்கம், குடும்பத்தலைவர், அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர்கள், வயது, சேதம், இப்போது தங்கியிருக்கும் இடம் என்று எழுதுங்கள். அதைப் பிரட்டுக்களத்திலோ கோயிலிலோ எல்லோர் முன்னும் வாசியுங்கள். விடுபட்டவர் அங்கேயே சொல்லலாம், இல்லாதவர் பெயரைச் சேர்க்கவும் முடியாது. அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் பொதுவில் வாசிக்க வேண்டாம்.

பின்னர் மூன்று பிரதிகள். ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு, ஒன்று தோட்டக் காரியாலயத்துக்கு, ஒன்று குழுவுக்கு. கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். எங்களைப் போன்ற நிறுவனங்களோ, வர்த்தகர்களோ, விகாரையோ, தேவாலயமோ உதவி கொண்டு வந்தாலும் இதே பட்டியலைக் காட்டுங்கள். பாதையோர லயத்துக்கு மூன்று தடவையும் மேல் மலை லயத்துக்கு ஒரு தடவையும் பொருள் கிடைப்பதை இதனால் தவிர்க்கலாம். யாருக்கு எது கிடைத்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இங்கே தோட்டங்கள் கிராமங்களுக்கு இடையில் கிடக்கின்றன. உங்கள் கானில் வரும் வெள்ளம் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்கும் போகிறது. பாதை அடைபட்டால் இரு தரப்புக்கும்தான் கஷ்டம். கிராமத்துச் சங்கங்களோடு சேர்ந்து சிரமதானம் செய்யுங்கள், பாதைக்கும் பாலத்துக்கும் ஒரே கடிதத்தில் இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். கிராம மட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுவில் தோட்டத்தின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

சுத்தம் செய்யும்போது

சேற்றை அள்ளுவதற்கு முன்பு படம் எடுங்கள். தொலைபேசியில் எடுத்தாலும் போதும். காம்பரா இலக்கம், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, உடைந்த பொருட்கள் தெரியும்படி எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒரு உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் அதிகம் காணப்படும் மாவட்டங்கள். வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம், காயத்தை மூடிக்கட்டுங்கள். தடுப்பு மருந்து தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சல், உடல்வலி, கண் சிவத்தல் வந்தால் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லி உடனே மருந்தெடுங்கள். கிணறு குளோரின் இட்டுச் சுத்தமாகும்வரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள்.

புதிய வீட்டுக்குச் சம்மதிக்கும் முன்

மாற்று வீடோ காணியோ தருவதாகச் சொன்னால், கையொப்பமிடும் முன் இந்தக் கேள்விகளைக் குழுவாகக் கேளுங்கள்.

1. புதிய காணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்து அனுமதித்திருக்கிறதா?
2. எத்தனை பேர்ச் காணி? உறுதி கிடைக்குமா, எப்போது? கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படுமா?
3. தண்ணீர், மின்சாரம், பாதை வீட்டோடு வருமா, பின்னரா?
4. மலைக்கு வேலைக்கும் பாடசாலைக்கும் எவ்வளவு தூரம்? பஸ் உண்டா?
5. தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்த வீடு உண்டா?
6. பழைய காம்பராவை எப்போது ஒப்படைக்க வேண்டும்? புதிய வீட்டின் வேலை முடியும் முன் கேட்கப்படுமா?
7. பணம் கட்டம் கட்டமாக வந்தால், ஒரு கட்டம் தாமதித்தால் யாரிடம் முறையிடுவது?

விளங்காத மொழியில் எழுதிய தாளிலோ வெற்றுத் தாளிலோ யாருக்காகவும் கையொப்பமிட வேண்டாம்.

தமிழில் கேட்பது உங்கள் உரிமை

சப்ரகமுவவில் அலுவலகக் கடிதங்களும் படிவங்களும் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். ஆனால், அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. மொழி தொடர்பான முறைப்பாட்டுக்கு 1956 என்ற இலக்கம் இருக்கிறது. அரசாங்கச் சேவைகள் பற்றிய தகவலுக்கு 1919ஐ அழைக்கலாம்.

உங்கள் விண்ணப்பத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். "எமது தோட்டப் பிரிவில் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் எத்தனை குடும்பங்கள் உள்ளன?" என்ற ஒரு கேள்வியே பல விடயங்களை வெளியே கொண்டுவரும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். இன, மொழி, வசிப்பிடக் காரணத்தால் உதவி மறுக்கப்பட்டதாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்தை அழையுங்கள்.

காணாமற்போன அடையாள அட்டைக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். ஆவணம் கைக்கு வரும்வரை பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். "ஆவணம் அனர்த்தத்தில் போய்விட்டது, விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சொல்லிப் பெயரைப் பதிந்துவிட்டு, பின்னர் பிரதியைக் கொடுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது

கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தோட்டக் காரியாலயத்தில் உங்கள் காம்பரா எந்தப் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டிலும் உறுப்பினர் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, உங்கள் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் வயதான அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால், அவருடைய பெயரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.